நோயாளியின் இரகசியம்

ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் மருந்தகத்தில் நான் முப்பது ஆண்டுகளுக்குச் சற்று மேலாக மருத்துவனாக இருந்தேன். மருந்தகம் என்றவுடன் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். இரண்டு கட்டில்கள், ஒரு மருந்து அலமாரி, எடை பார்க்கும் கருவி, ஒரு மேசை, மேசையின்மேல் ஒரு நீளமான பதிவேடு, இவ்வளவுதான். பதிவேட்டில் நாள், பெயர், டோக்கன் எண், பிரிவு, நோய், கொடுத்த மருந்து என்று ஆறு பத்திகள் கோடு போட்டிருக்கும். மருந்து வாங்கியவர் கடைசியில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடக் குனிகிறவரின் கண்ணில் தமக்கு முன்னால் வந்தவர்களின் வரிகள் படாமல் இருக்குமா? மூலம் யாருக்கு, சொறி யாருக்கு, தூக்க மாத்திரை வாங்கியவர் யார் என்பதெல்லாம் ஒரு தாளில் வரிசையாக நிற்கும். பல ஆண்டுகள் அந்தப் பதிவேட்டை நானே திறந்து வைத்திருந்தேன். அதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

மாணவ நண்பர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். நோயாளி தம் உடலைப் பற்றி மருத்துவரிடம் சொன்ன செய்தி யாருக்குச் சொந்தம்? அதை யார் அறியலாம், யார் அறியக்கூடாது? உங்களிற் சிலர் நாளைக்கு மருத்துவர்களாகலாம், செவிலியராகலாம், ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யலாம், அல்லது ஒரு தொழிற்சாலையில் ஆட்களை நியமிக்கும் நாற்காலியில் அமரலாம். நோயாளிகளாக எல்லோருமே என்றேனும் ஒரு நாள் ஆகப்போகிறோம்.

இது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான புதுச் சரக்கு என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று. கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரடீஸின் பெயரால் வழங்கும் உறுதிமொழியில் இந்தக் கடமை இருப்பது உண்மைதான். ஆனால் நம் நாட்டுச் சரக சம்ஹிதையிலும், மருத்துவம் கற்கப் புகும் மாணவனுக்கு ஆசிரியர் சொல்லும் கட்டளைகளில், நோயாளியின் வீட்டு விவகாரங்களை வெளியே சொல்லலாகாது என்பது ஒன்று. வள்ளுவரோ மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில், நோயாளி, மருத்துவன், மருந்து இவற்றோடு அருகிருந்து மருந்து கொடுப்பவனையும் சேர்த்து மருத்துவத்தை நான்காக எண்ணினார். அந்த நான்காமவனை நாம் மறந்துவிடுகிறோம். இரகசியம் பெரும்பாலும் மருத்துவரிடமிருந்து வெளியேறுவதில்லை. சீட்டு எழுதுகிறவர், படம் எடுக்கிறவர், கதவருகில் நிற்கிறவர் ஆகிய இவர்கள் வழியாகத்தான் கசிகிறது. என் கதையில் மட்டும் அது மருத்துவனிடமிருந்தே வெளியேறியது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டு 1989. அழுத்து இயந்திரத்தில், அதாவது தொழிலாளர் ‘பிரஸ்’ என்று சொல்லும் இயந்திரத்தில், வேலை செய்த இளைஞர் ஒருவர் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். பதினைந்து வயதிலிருந்து தமக்கு வலிப்பு வருவதுண்டு என்றும், மூன்று ஆண்டுகளாக மாத்திரையில் நின்றிருந்தது இப்போது மறுபடி ஒருமுறை வந்துவிட்டது என்றும் சொன்னார். யாருக்கும் தெரியாது என்றார். எனக்கு உடனே அந்த இயந்திரம்தான் நினைவுக்கு வந்தது. டன் கணக்கில் அழுத்தும் இரும்புக்கு முன்னால் நினைவு தப்பினால் கை போய்விடும். அவரை அங்கிருந்து மாற்றியே ஆகவேண்டும். இதுவரை நான் நினைத்ததில் பிழையில்லை.

பிழை அடுத்த நிமிடத்தில் நடந்தது. தொலைபேசியை எடுத்து, ஆட்கள் பிரிவு அதிகாரியிடம், “இன்னாருக்குக் காக்காய் வலிப்பு இருக்கிறது, பிரஸ்ஸில் நிறுத்தாதீர்கள்” என்று சொன்னேன். அவர் அறையில் அப்போது நாலு பேர் இருந்தார்கள். கேட்டதை அவர் உரக்கத் திருப்பிச் சொன்னார். மாலைத் தேநீர் நேரத்துக்குள் செய்தி உணவுக்கூடம் முழுவதும் பரவிவிட்டது. மறுநாள் காலையில் அந்த இளைஞரின் வேலை மேசைமேல் யாரோ ஒரு சாவிக் கொத்தை வைத்திருந்தார்கள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அது மருத்துவமும் அன்று. வைத்தவர் மருத்துவத்துக்காக வைக்கவும் இல்லை.

அவருடைய தங்கைக்கு அப்போது கெலமங்கலம் பக்கத்தில் ஓர் இடம் பேசி முடிவாகும் நிலையில் இருந்தது. அது நின்றுபோயிற்று. இதைக் கேட்டு அந்தக் கிராமத்தாரை மட்டும் குறை சொல்லிவிடாதீர்கள். 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இந்துத் திருமணச் சட்டமே அடிக்கடி வரும் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாக எழுதி வைத்திருந்தது. 1999-ல்தான் அந்தச் சொல்லை நீக்கினார்கள். சட்டமே அஞ்சிய நோய்க்குச் சம்பந்தி வீட்டார் அஞ்சினார்கள்.

இரண்டு மாதத்தில் அவர் வேலையை விட்டார். எல்லை தாண்டிப் பெங்களூர்ப் பக்கம் ஒரு சிறு பட்டறையில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். அங்கே தம் நோயை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பதை நான் அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன் அல்லவா? சொல்லாமலேயே மறுபடியும் ஒரு பிரஸ்ஸின் முன்னால் நின்றார். வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. அவருடைய கையைக் காப்பாற்றுவதற்காக நான் செய்த காரியம் இப்படி முடிந்தது.

அப்படியானால் நான் என்ன செய்திருக்க வேண்டும்? பேசாமல் இருந்திருக்க வேண்டுமா? இல்லை. ஒரு துண்டுத் தாளில், “இவர் உயரத்திலும், அழுத்து இயந்திரத்திலும் வேலை செய்யத் தகுதியற்றவர், மற்ற வேலைகளுக்குத் தகுதியுள்ளவர், ஆறு மாதத்தில் மறு பரிசோதனை” என்று எழுதி, ஒரு படியை அவரிடமும் ஒரு படியை நிர்வாகத்திடமும் கொடுத்திருக்க வேண்டும். அவ்வளவே. நிர்வாகத்துக்கு வேண்டியது ஆளின் தகுதி. நோயின் பெயர் அன்று. இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1985-ஆம் ஆண்டிலேயே, தொழில்சார் நலப் பணிகள் பற்றிய தன் 171-ஆம் பரிந்துரையில் இதைத் தெளிவாக வகுத்துவிட்டது. தகுதி பற்றிய முடிவைத் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அந்த எழுத்தில் மருத்துவச் செய்தி எதுவும் இருக்கக்கூடாது என்பது அதன் கருத்து. நான் தொலைபேசியை எடுப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பரிந்துரை இருந்திருக்கிறது. நான் படித்ததில்லை.

நம் நீதிமன்றங்களும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கின்றன. 1997-ஆம் ஆண்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு தொழிலாளியின் வழக்கு தீர்ப்புக்கு வந்தது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் தற்காலிகக் கூலியாக இருந்தவர். நிரந்தரமாக்கும் முன் நடந்த பரிசோதனையில் இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரியவே, அவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். வேலை செய்யும் வலிமை உடையவராகவும் பிறருக்கு ஆபத்து விளைவிக்காதவராகவும் இருக்கும்வரை அவரை நீக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பில் அவர் பெயர் இல்லை. ‘எம். எக்ஸ்.’ என்ற இரண்டு எழுத்துக்களே இருக்கின்றன. நிறுவனத்தின் பெயரும் ‘இசட். ஒய்.’ என்றே எழுதப்பட்டது. நீதி கேட்கப் போகிறவன் தன் நோயை ஊரறியச் சொல்லித்தான் நீதி பெறவேண்டும் என்றால், எத்தனை பேர் போவார்கள்?

இதற்கு மறுதலையான ஒரு வழக்கும் உண்டு. அது நம் சென்னையில் தொடங்கியது. 1995-ல் ஒரு தனியார் மருத்துவமனையில் இரத்தம் கொடுத்த ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அவருக்கு நிச்சயித்திருந்த திருமணம் நின்றது. மருத்துவமனை இரகசியத்தை வெளியிட்டுவிட்டது என்று அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1998-ல் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மணக்க இருந்த பெண்ணின் உயிரும் ஓர் உயிர்தானே என்பது அதன் வாதம். அந்தத் தீர்ப்பு, இப்படிப்பட்டவருக்குத் திருமணம் செய்துகொள்ளும் உரிமையே இல்லை என்பதுபோல் மேலும் சில சொன்னது. அது வழக்குக்குத் தேவையில்லாத கருத்து என்று 2002-ல் நீதிமன்றமே விளக்கம் தந்தது. இந்த வழக்கைப் படிக்கும் மாணவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், ஆபத்தில் இருக்கும் ஒருவருக்குச் சொல்வது நியாயம். அந்த ஒருவருக்குச் சொல்லுகிற பெயரால் உறவு முழுவதற்கும் சொல்வது நியாயம் ஆகாது.

இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் வகுத்த நடத்தை விதிகளும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் நிற்கின்றன. நீதிபதி கட்டளையிட்டால் சொல்லலாம். குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து இருந்தால் சொல்லலாம். அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயானால் சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் வாய் திறக்கலாகாது. எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை 2017-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே வந்து, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. வேலை தருவதற்கு முன்நிபந்தனையாக அந்தப் பரிசோதனையைக் கேட்பது இன்று சட்டம் தடைசெய்த பாகுபாடு. அதே 2017-ல், ஒன்பது நீதிபதிகள் கூடி, அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை என்று ஒரு முகமாகச் சொன்னார்கள்.

சட்டம் இருக்கட்டும். எங்கள் ஊருக்கே உரிய சில சங்கடங்களைச் சொல்கிறேன்.

ஓசூர் எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வருவதற்கு முன்பு சிறிய ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே தெருவில் கேட்கும். பிறகு பேருந்து வண்டி, இருசக்கர வண்டி, கைக்கடிகாரம் என்று ஆலைகள் பெருகின. இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்களின் மொழிகளும் சேர்ந்துகொண்டன. மொழி தெரியாத நோயாளியை யார் அழைத்து வருவார்? ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர். அவரே மொழிபெயர்ப்பாளர். அவரே மறுநாள் வேலை கொடுப்பவரும்கூட. ஒடிசாவிலிருந்து வந்த ஒருவரை நீண்ட நாள் இருமலுக்காக அப்படி அழைத்து வந்தார்கள். “சளியில் இரத்தம் வருகிறதா?” என்று கேட்டேன். மேற்பார்வையாளர் இந்தியில் திருப்பிச் சொன்னார். நோயாளி தலையை அசைத்து இல்லை என்றார். மறுநாள் காலை வேலை தொடங்குமுன் அவர் தனியாக வந்து, ஒன்றும் பேசாமல், சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என் மேசைமேல் விரித்தார். அதில் கறை இருந்தது.

காசநோய் 2012 முதல் இந்தியாவில் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். நான் அறிவித்தேன், மருந்து இலவசமாகக் கிடைத்தது. ஆனால் ஒப்பந்தக்காரருக்கு நான் எழுதிக் கொடுத்தது, “இத்தனை நாள் ஓய்வு வேண்டும்” என்ற ஒரு வரிதான். அவருடன் ஒரே அறையில் தங்கியிருந்த நால்வரைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. அதை அவர் ஒப்புதலோடு சுகாதார ஊழியர்கள் செய்தார்கள். அறிவிப்பது வேறு, பறையறைவது வேறு. அதற்குப் பிறகு, மருத்துவத்தில் கேட்க வேண்டிய முப்பது கேள்விகளை ஒடியாவிலும் இந்தியிலும் எழுதி வாங்கி, அட்டையாக்கி வைத்துக்கொண்டேன். என் உச்சரிப்பைக் கேட்டு நோயாளிகள் சிரித்தார்கள். சிரித்துவிட்டால் பிறகு உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். அது ஒரு இலாபம்.

இன்னொரு சங்கடம் கடிதத் தலைப்பு. பெங்களூரில் மனநோய்க்கும் நரம்பு நோய்க்கும் பெயர்பெற்ற நிம்ஹான்ஸ் நிறுவனம் இருக்கிறதே, அது இருக்கும் சாலைக்கே ஓசூர்ச் சாலை என்றுதான் பெயர். நம்மவர்கள் ஒரே பேருந்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். உறக்கமின்மைக்காகவோ மனச்சோர்வுக்காகவோ அங்கே போய் வருகிறவர் விடுப்புக்காக ஒரு சான்றிதழ் கொண்டுவருவார். உள்ளே நோயின் பெயரே எழுதாமல் இருந்தாலும், தாளின் தலையில் அச்சிட்ட பெயர் எல்லாவற்றையும் சொல்லிவிடும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியின் செய்திகளைக் காக்கும் உரிமையை அவருக்குத் தந்திருக்கிறது. ஆனால் விடுப்புக் கடிதம் போகும் வழியில் மூன்று மேசைகள் இருக்கின்றன. நாங்கள் ஒரு சிறு ஏற்பாடு செய்தோம். வெளிச் சான்றிதழை நோயாளி உறையில் இட்டு மருந்தகத்தில் தருவார். மருந்தகம் அதைப் பார்த்துத் தன் தாளில், “விடுப்பு நியாயமானது” என்று எழுதிக் கொடுக்கும். மூலச் சான்றிதழ் எங்கள் அலமாரிக்குள் தங்கிவிடும். செலவில்லாத ஏற்பாடு. நிர்வாகத்தை இணங்க வைக்க ஓர் ஆண்டு பிடித்தது.

விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்கள் இப்பகுதியில் இன்று பல்லாயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஊரிலிருந்து தகப்பனார் தொலைபேசியில் கேட்பார்: “என் பெண் உங்களிடம் வந்தாளாமே, என்ன உடம்புக்கு?” பாசத்தோடு கேட்பவர்தான். பெண்ணுக்கு வயது பத்தொன்பது. பதினெட்டு நிறைந்தவளின் உடற்செய்தி அவளுடையது. அவள் சம்மதமில்லாமல் தந்தைக்கும் சொல்ல முடியாது. “அவளையே கேளுங்கள், ஐயா, நானும் உங்களிடம் பேசச் சொல்கிறேன்” என்று விடை சொல்வேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள். இதைக் கேட்கும் கல்லூரி மாணவியர் இந்த ஒன்றை மட்டும் மறக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இரகசியம் என்ற சொல்லைத் தவறான இடத்தில் பிடித்துக்கொள்பவர்களும் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் கருங்கல்லுக்குப் பெயர்பெற்றது. கல்லை அறுக்கும்போதும் இழைக்கும்போதும் எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும். இது அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்நோய். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அப்படி விதித்தது; அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் அந்தக் கடமை இருக்கிறது. ஒருமுறை கல்லறுக்கும் பட்டறை உரிமையாளர் ஒருவர் தம் ஆட்களின் மார்புப் படங்களை என்னிடம் கொண்டுவந்தார். படங்களில் நோய் தெரிந்தது. “தொழிலாளியின் அந்தரங்கம், டாக்டர், வெளியே சொல்லக்கூடாது இல்லையா?” என்றார். அந்தத் தொழிலாளியிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லவில்லை. நோயாளிக்கே தெரியாத இரகசியம் யாருடைய அந்தரங்கம்? தம் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று நான் முன்பு சொன்ன 2002-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. கேட்பதும் இல்லை.

2020-இல் பெருந்தொற்று வந்தபோது இந்த எல்லைப் புறத்தில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. ஏப்ரல் இறுதியில் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலமாக இருந்தது கிருஷ்ணகிரி மாவட்டம் ஒன்றுதான். அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், கர்நாடக அரசு வீட்டில் தனித்திருக்கச் சொல்லப்பட்டவர்களின் முகவரிப் பட்டியலை வெளியிட்டது. அந்தப் பட்டியல்கள் கைப்பேசிகளில் ஓடின. ஜுஜுவாடிச் சோதனைச் சாவடிக்கு இப்பாலும் அதைப் படித்தவர்கள் உண்டு. பட்டியலில் இருந்தவர்கள் நோயாளிகள்கூட அல்லர். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், அவ்வளவுதான். பல ஊர்களில் வீட்டுக் கதவுகளில் அறிவிப்பு ஒட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில், உரிய அதிகாரி பேரிடர்ச் சட்டத்தின்கீழ்த் தனியாக ஆணையிட்டாலன்றி அப்படி ஒட்டத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. அதற்குள் எத்தனையோ பேர், கதவில் தாள் ஒட்டுவார்களே என்று அஞ்சிப் பரிசோதனைக்கே போகாமல் இருந்திருப்பார்கள். வலிப்பை மறைத்துப் பிரஸ்ஸின் முன்னால் நின்ற என் நோயாளிதான் எனக்கு நினைவுக்கு வந்தார்.

அமெரிக்காவில் 1996-ல் ஹிப்பா என்ற சட்டம் வந்தது. நோயாளியின் செய்தியைக் கையாளும் ஊழியர், அந்த வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே பார்க்கலாம் என்பது அதன் விதிகளில் ஒன்று. அந்த நாட்டு மருத்துவர்கள் ஒலிப்பதிவு செய்த குறிப்புகளைத் தட்டச்சு செய்யும் அலுவலகங்கள் பெங்களூரில் பல இருந்தன. அங்கே வேலை பார்த்த என் உறவினர் மகன் ஒருவன், கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று சொன்னான். மிகவும் நல்லது. ஆனால் அதே பையன் தன் தாயாரை அழைத்துக்கொண்டு ஒரு மருத்துவமனைக்குப் போனபோது, அங்கே தாயாரின் பெயரையும் நோயையும் சேர்த்து உரக்கக் கூப்பிட்டார்களாம். கடல் கடந்த நோயாளிக்குக் காட்டிய மரியாதை கண்ணெதிரே இருந்தவருக்குக் கிடைக்கவில்லை. இப்போது நம் நாட்டிலும் மின்னணு முறையில் சேமிக்கும் தனிநபர் விவரங்களுக்கு 2023-ல் சட்டம் இயற்றி, 2025 நவம்பரில் விதிகளும் வெளியிட்டிருக்கிறார்கள். கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வரும். மருத்துவமனை ஊழியர்கள் ஊடுகதிர்ப் படத்தைக் கைப்பேசியில் எடுத்து நண்பர் குழுவுக்கு அனுப்பும் பழக்கம் அதனால் குறைந்தால் நல்லது. படத்தின் ஓரத்தில் பெயர் இருக்கிறதே என்று அவர்கள் பார்ப்பதில்லை.

எங்கள் மருந்தகத்தில் அந்த நீண்ட பதிவேட்டை ஒரு நாள் மூடினேன். ஆளுக்கொரு அட்டை, பூட்டுள்ள பெட்டி, காத்திருப்போர் பெஞ்சைக் கதவிலிருந்து பத்தடி தள்ளிப் போட்டது, இவைதான் மாற்றங்கள். பெஞ்சை நகர்த்தியதுதான் எல்லாவற்றிலும் அதிகப் பயன் தந்தது.

விரல் இழந்த அந்த நண்பர் 2014-ல் ஒரு நாள் மருந்தகத்துக்கு வந்தார். தங்கைக்குப் பிறகு வேறோர் இடத்தில் மணமாகியிருந்தது. அவள் மகனுக்கு எங்கள் ஆலையில் வேலை கிடைத்து, சேருமுன் செய்யும் மருத்துவப் பரிசோதனைக்காக அவனை அழைத்து வந்திருந்தார். என்னிடம் கோபமாக எதுவும் சொல்லவில்லை. “பையனுக்கு ஏதாவது இருந்தால் அவனிடமே சொல்லுங்கள், டாக்டர்” என்றார். சொல்லிவிட்டு வெளியே போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நான் கதவைச் சாத்திவிட்டு, பையனை உட்காரச் சொன்னேன்.